முதல் பக்கவாதத்துக்குப் பிறகு: பிழைத்தவர்களின் வரலாறு

பக்கவாதத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முதல் சில மணி நேரங்களைப் பற்றியதாகவே இருக்கிறது. வாய் கோணுகிறதா, கை தூக்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆனால் உயிர் பிழைத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு என்ன ஆகிறது? முதல் மாதம் உறவினர்கள் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். ஆறாவது மாதத்தில் யாரும் வருவதில்லை. அதற்குப் பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகள் அந்த மனிதர் வாழ வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாரிசிலும் வாஷிங்டனிலும் சென்னையிலும் வேலூரிலும் நடந்த அந்த வரலாற்றின் ஓர் அத்தியாயம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலும் எழுதப்பட்டது.

பெயர்களும் காரணங்களும்

கிராமங்களில் இந்த நோயைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது குறைவு. "கை கால் இழுத்துக்கொண்டது", "ஒரு பக்கம் விளங்காமல் போய்விட்டது", "வாய் கோணிவிட்டது" என்பார்கள். வைத்தியர்களிடம் பாரிச வாயு, பட்சவாதம் என்ற பெயர்கள் உண்டு. சித்த மருத்துவம் வாத நோய்களை எண்பது வகை என்று எண்ணியது. கை கால் விழுவது வாதம் கெடுவதால் என்பது அதன் விளக்கம். எண்ணெய் தடவி நீவி விடுவது, ஒற்றடம் கொடுப்பது ஆகியவை சிகிச்சைகள். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்ற நம்பிக்கையும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

மேற்கில் இதற்கு 'அப்போப்ளெக்சி' என்று பெயர். கிரேக்கச் சொல்லான அதற்கு 'அடித்து வீழ்த்தப்படுதல்' என்று பொருள். கோளாறு இருப்பது மூளையின் ரத்தக் குழாய்களில் என்பதை 1658ல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹன் யாக்கோப் வெப்ஃபர். இந்த நோயால் இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே ரத்தக் கசிவு இருப்பதை அவர் கண்டார். 1861ல் பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர், பேச்சிழந்து இறந்த ஒரு நோயாளியின் மூளையைப் பரிசோதித்து, இடது பக்க முன்மூளையின் ஒரு பகுதி சேதமடைந்தால் பேச்சு போகும் என்பதைக் கண்டறிந்தார். பெரும்பாலானவர்களுக்கு வலது கை விழும்போது பேச்சும் சேர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். உடலின் வலது பக்கத்தை இயக்குவது மூளையின் இடது பக்கம்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் பிழைத்தவர் எப்படி வாழ்வது என்பதை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மருத்துவம் பெரிதாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தங்கள் வாழ்க்கையாலேயே பதில் சொன்னவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

கட்டடத்தை நிறுத்தினார்கள், மனிதர் நிற்கவில்லை

1868 அக்டோபர் 19 அன்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டருக்கு இடது பக்கம் மரத்துப் போனது. அப்போது அவருக்கு வயது 45. காலையில் உடம்பு சரியில்லாமல் இருந்தும் அறிவியல் கழகக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். இரவில் நிலைமை மோசமானது. அந்தக் காலத்தில் இருந்த சிகிச்சை, காதுகளுக்குப் பின்னால் அட்டைகளை விட்டு ரத்தம் எடுப்பதுதான்.

அவருக்காக அரசு ஓர் ஆய்வுக்கூடத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் பிழைக்க மாட்டார் என்று கருதி அந்த வேலையை நிறுத்திவிட்டார்கள். படுக்கையிலிருந்த பாஸ்டருக்கு இது தெரிந்து மனம் உடைந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வரை செய்தி போய், வேலை மறுபடியும் தொடங்கப்பட்டது. ஒரு நோயாளியின் எதிர்காலத்தைச் சுற்றியிருப்பவர்கள் எவ்வளவு சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பாஸ்டர் ஒரு வாரத்துக்குள் படுக்கையிலிருந்தபடியே தன் உதவியாளரிடம் ஆய்வுக் குறிப்பு ஒன்றைச் சொல்லி எழுத வைத்தார். 1869 ஜனவரியில், நடக்கச் சிரமப்பட்ட நிலையிலேயே, பட்டுப்புழு நோய் ஆராய்ச்சியைத் தொடர தெற்கு பிரான்சுக்குப் பயணம் செய்தார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய்க் கிருமி இருந்தால் அதன் முட்டைகளை ஒதுக்கிவிடுவது அவர் உருவாக்கிய முறை. பட்டுப்புழு வித்து உற்பத்தி நிலையங்களில் இன்றும் பின்பற்றப்படுவது அதே அடிப்படை முறைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி பகுதிகளில் மல்பெரி வளர்த்துப் பட்டுக்கூடு விற்கும் விவசாயிகளின் பிழைப்பில், கை கால் விழுந்த ஒரு மனிதரின் உழைப்பும் கலந்திருக்கிறது!

இடது கை விறைப்பும் காலில் நொண்டலும் பாஸ்டரை விட்டு கடைசி வரை போகவில்லை. ஆனாலும் கோழிக் காலரா, ஆந்த்ராக்ஸ், வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் எல்லாம் பக்கவாதத்துக்குப் பிறகு வந்தவை. 1885ல் வெறிநாய்க்கடி தடுப்பூசி மனிதருக்கு முதன்முதலாகப் போடப்பட்டது. குன்னூரில் 1907ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் அந்தத் தடுப்பூசிக்காக வந்ததுதான். முதல் பக்கவாதத்துக்குப் பிறகு அவர் ஏறத்தாழ 27 ஆண்டுகள் வாழ்ந்து 1895ல் இறந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாஸ்டருக்குப் பேச்சும் அறிவும் பாதிக்கப்படவில்லை. செய்முறை வேலைகளைச் செய்யத் திறமையான உதவியாளர்கள் இருந்தார்கள். கணவர் சொல்வதை எழுதிக்கொடுக்க மனைவி மேரி இருந்தார். அவருடைய மன உறுதி பெரியதுதான். ஆனால் அந்த உறுதிக்குக் கையும் காலுமாக மற்றவர்கள் நின்றார்கள்.

மறைக்கப்பட்ட ஜனாதிபதி

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுடையது. 1919 அக்டோபர் 2 அன்று அவருக்குக் கடுமையான பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அவருடைய மனைவி எடித்தும் மருத்துவர் கேரி கிரேசனும் நோயின் தீவிரத்தை நாட்டு மக்களிடம் சொல்லவில்லை. பல மாதங்கள் மந்திரிகள்கூட அவரைப் பார்க்க முடியவில்லை. கோப்புகள் மனைவியின் கை வழியாகவே உள்ளே போய் வெளியே வந்தன. 1921 மார்ச்சில் பதவிக்காலம் முடியும் வரை அவரே ஜனாதிபதியாக நீடித்தார். சர்வதேச சங்கத்தில் அமெரிக்கா சேர வேண்டும் என்ற அவருடைய பெருங்கனவு இந்த இடைவெளியில் செனட் சபையில் தோற்றது.

பக்கவாதம் சிலருக்குத் தன் நோயின் அளவைத் தானே உணர முடியாத நிலையை உண்டாக்கும். குறிப்பாக வலது மூளை பாதிக்கப்பட்டு இடது பக்கம் விழுந்தவர்களிடம் இது அதிகம். அந்த நிலையிலும் 1920ல் மூன்றாவது முறையாகப் போட்டியிடலாம் என்று வில்சன் எண்ணிக்கொண்டிருந்தார். மறைப்பது குடும்பத்துக்கு அன்பாகத் தோன்றலாம். ஆனால் நோயாளியின் உலகம் ஓர் அறைக்குள் சுருங்கிவிடுகிறது.

தமிழ்நாடு பார்த்த பக்கவாதம்

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே நாளிதழில் தினமும் படித்துத் தெரிந்துகொண்ட பக்கவாதம் முதல்வர் எம்.ஜி.ஆருக்கு வந்ததுதான். 1984 அக்டோபர் 5 அன்று அவர் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. அடுத்த சில நாட்களில் பக்கவாதமும் வந்தது. வலது பக்கமும் பேச்சும் பாதிக்கப்பட்டன. வயது 67. அக்டோபர் 16 அன்று பிரதமர் இந்திரா காந்தி மருத்துவமனைக்கு வந்து பார்த்தார். அதே மாதம் 31ம் தேதி இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்டார். நவம்பர் 5 அன்று, மருத்துவ வசதிகளுடன் மாற்றியமைக்கப்பட்ட ஏர் இந்தியா விமானத்தில் எம்.ஜி.ஆர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பர் 19 அன்று சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அண்ணன் சக்ரபாணியின் மகள் லீலாவதி.

அவர் அங்கே படுக்கையில் இருந்தபோதே இங்கே சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஆண்டிப்பட்டி தொகுதியில் அவர் ஒரு நாள்கூடப் பிரசாரம் செய்யாமல் வேட்பாளரானார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே சந்தேகம் பரவிய நேரம். மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பதையும் உணவு உண்பதையும் காட்டும் வீடியோ படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. வில்சனை மறைத்தார்கள், எம்.ஜி.ஆரைக் காட்டினார்கள். அ.தி.மு.க. 132 இடங்களில் வென்றது.

1985 பிப்ரவரி 4 அன்று அவர் சென்னை திரும்பினார். பிப்ரவரி 10 அன்று மூன்றாவது முறையாக முதல்வராகப் பதவியேற்றார். அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், இறக்கும் வரை, முதல்வராகவே இருந்தார். நடந்தார், விழாக்களுக்கு வந்தார், கோப்புகளைப் பார்த்தார். ஆனால் பேச்சு மட்டும் பழையபடி திரும்பவில்லை. அவர் சொல்வதைப் பக்கத்தில் இருப்பவர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அவருக்குப் பேச்சோடு நடந்த போராட்டம் இது முதல் முறை அல்ல என்பதும் குறிப்பிடத்தக்கது. 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்து அவருடைய குரல் மாறியது. மாறிய குரலோடேயே அவர் அடுத்த பத்து ஆண்டுகள் நடித்தார், மேடைகளில் பேசினார், முதல்வரானார். மக்கள் அந்தக் குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். 1985க்குப் பிறகும் அதுவே நடந்தது. புரியாவிட்டாலும் கைதட்டினார்கள்.

இந்த மூன்று ஆண்டுகளை இரண்டு விதமாகப் பார்க்கலாம். ஒரு நோயாளியின் பார்வையில் இது பெரிய வெற்றி. சிறுநீரகமும் மூளையும் ஒரே மாதத்தில் பாதிக்கப்பட்ட 67 வயது மனிதர் தன் வேலைக்கே திரும்பினார். ஆட்சியின் பார்வையில் கேள்விகள் உண்டு. தெளிவாகப் பேச முடியாத முதல்வரின் விருப்பத்தைச் சுற்றியிருப்பவர்கள் எடுத்துச் சொல்லும்போது, அது யாருடைய விருப்பம் என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. பேச்சிழந்த ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தக் கேள்வி சின்ன அளவில் எழுகிறது. அப்பாவுக்கு நிலத்தை விற்கச் சம்மதமா என்று மகன் சொல்கிறானே தவிர, அப்பா சொல்வதில்லை.

1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புகூட, ராஜீவ் காந்தி கலந்துகொண்ட கத்திப்பாரா நேரு சிலைத் திறப்பு விழாவில் அவர் மேடையில் இருந்தார். அவர் எழுதி வைத்த உயிலின்படி ராமாவரம் தோட்டத்தில் ஒரு பள்ளி அமைந்தது. அது காது கேளாத, வாய் பேச முடியாத குழந்தைகளுக்கான பள்ளி.

வேலூரில் ஒரு சக்கர நாற்காலி

விமானமும் வெளிநாட்டு மருத்துவமனையும் முதல்வருக்குக் கிடைக்கும். சாதாரண மனிதருக்கு என்ன வழி? இதற்கான பதில் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆரின் நோய்க்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விபத்தில் தொடங்கியது. 1954ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு நியூயார்க் சென்று, மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்கிடம் பயிற்சி பெற்றார். வேலூர் திரும்பி அந்தத் துறையை வளர்த்தார். 1966ல் அங்கே உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ரஸ்க், மேரி வர்கீஸ் போன்றவர்கள் கொண்டு வந்த மாற்றம் இதுதான்: நோய் குணமானதா என்று கேட்பதோடு நிற்காமல், மிச்சமிருப்பதை வைத்து இவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள். இதை அளக்கக் கருவிகளும் வந்தன. 1957ல் கிளாஸ்கோ மருத்துவர் ஜான் ராங்கின் ஓர் அளவுகோலைத் தந்தார். 1965ல் அமெரிக்காவில் வெளியான பார்த்தெல் அட்டவணை பத்துக் கேள்விகளைக் கேட்டது. தானே சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிவறைக்குப் போகிறாரா, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, படி ஏறுகிறாரா என்பது போன்ற கேள்விகள். மொத்தம் 100 மதிப்பெண்.

இந்த அட்டவணை பயனுள்ளது. ஆனால் நம் ஊர் வீட்டில் அது விட்டுவிடும் விஷயங்கள் பல. தரையில் சம்மணம் போட்டு உட்கார முடிகிறதா? குந்தி உட்காரும் கழிவறையிலிருந்து எழ முடிகிறதா? வலது கை விழுந்தவர் இடது கையால் சாப்பிட வேண்டியிருக்கிறது. பந்தியில் நாலு பேர் பார்க்க இடது கையால் சோறு பிசைய வெட்கப்பட்டு, கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு அட்டவணையில் முழு மதிப்பெண் கிடைக்கலாம். வாழ்க்கையில் கிடைப்பதில்லை. 1999ல் அமெரிக்காவில் உருவான வேறொரு அளவுகோல்தான் பேச்சு, ஞாபகம், மனநிலை, ஊரோடு கலந்து பழகுதல் ஆகியவற்றையும் நோயாளியிடமே கேட்டது.

மனநிலை என்பது சிறிய விஷயமல்ல. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. வீட்டில் அதைப் "பிடிவாதம்", "சோம்பேறித்தனம்" என்று சொல்லித் திட்டுவார்கள். உடற்பயிற்சி செய்ய மறுப்பவருக்குத் தேவைப்படுவது சில நேரங்களில் மனநல மருத்துவர்.

மூன்று மாதக் கணக்கு

"மூன்று மாதத்துக்குள் வந்தால் வந்தது, இல்லையென்றால் அவ்வளவுதான்" என்று சொல்வது வழக்கம். இதற்கு ஓர் அடிப்படை உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சுமார் 1,200 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1995ல் வெளியான ஆய்வு, பெரும்பாலானவர்களுக்கு அன்றாட வேலைகளில் முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வந்து நின்றுவிடுவதைக் காட்டியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. நல்ல கையைக் கட்டி வைத்துவிட்டு, விழுந்த கையை மட்டும் பல மணி நேரம் பயன்படுத்த வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்கள் ஆனவர்களிடம் அதைச் சோதித்து 2006ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 222 பேர் பங்கேற்றனர். அந்தச் சிகிச்சை பெற்றவர்களின் கை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. கையில் ஓரளவு அசைவாவது மிச்சமிருந்தவர்களுக்குத்தான் இது பொருந்தும். இருந்தாலும், மூன்று மாதத்தோடு கதவு சாத்தப்படுவதில்லை என்பது இதனால் தெரிந்தது.

சீக்கிரம் தொடங்கினால் எல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்க வைத்தால் என்ன ஆகும் என்று 2,104 பேரிடம் சோதித்து 2015ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், அவ்வளவு அவசரம் பலனைக் குறைத்ததாகவே தெரிந்தது. அளவோடு, நீண்ட நாள் செய்வதே முக்கியம்.

எந்த மொழி முதலில் திரும்பும்?

கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியே தமிழ் பேசி, தொழிற்சாலையில் இந்தியும் கேட்கும் மக்கள் இங்கே ஏராளம். இப்படிப்பட்ட ஒருவருக்குப் பேச்சு போனால் எந்த மொழி முதலில் திரும்பும்? 1880களில் பிரான்சின் ரிபோ, முதலில் கற்ற மொழிதான் நிலைக்கும் என்றார். 1895ல் பித்ரே, கடைசியாக அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும் என்றார். இரண்டுக்கும் உதாரணங்கள் உண்டு, இரண்டும் விதியாக நிற்கவில்லை.

ஐதராபாத்தில் 608 பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2016ல் வெளியான ஆய்வு ஒன்று ஆச்சரியமான முடிவைத் தந்தது. நோய்க்குப் பிறகு சிந்தனைத் திறன் இயல்பாக இருந்தவர்கள், இரு மொழி பேசுபவர்களில் சுமார் 40 சதவீதம். ஒரு மொழி மட்டும் பேசுபவர்களில் சுமார் 20 சதவீதம். ஆனால் பேச்சிழப்பு இரு தரப்பிலும் ஒரே அளவில்தான் இருந்தது. பேச்சுப் பயிற்சியைத் தமிழில் மட்டும் கொடுத்து, வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டியை "ஒன்றும் தேறவில்லை" என்று முடிவு செய்வது தவறு என்பதை இந்தப் பகுதியின் குடும்பங்கள் மனதில் வைக்க வேண்டும். மைசூரில் 1965ல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இத்தகைய பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது.

நாகரசம்பட்டியிலிருந்து நெடுஞ்சாலை வரை

கிருஷ்ணகிரி 2004ல் தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மாவட்டத்தின் ஒரு முனையில் ஓசூர். சிப்காட் தொழிற்பேட்டை, அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். மூளை நோய்களுக்குப் பெயர் பெற்ற பெங்களூர் நிம்ஹான்ஸ் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது. 1974ல் இரண்டு நிறுவனங்களை இணைத்து உருவான நிறுவனம் அது. மறுபக்கம் மாவட்டத்தின் உட்பகுதியில் நாகரசம்பட்டி போன்ற விவசாய ஊர்கள்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தரும் என்று 1995ல் நிரூபிக்கப்பட்டது. முதலில் 3 மணி நேரம், பிறகு நாலரை மணி நேரம் என்று அதற்குக் கெடு உண்டு. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே அதைப் போட முடியும். 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும், 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதும் இந்தத் தூரத்தைக் குறைத்தன.

ஆனால் திரும்பி வந்த பிறகு உள்ள தூரம் வேறு. ஓசூரில் நிரந்தர வேலையில் இருக்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தது. அதன் நீண்டகால நோய்களின் பட்டியலில் பக்கவாதமும் இடம் பெற்றது. குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை ஊதியத்தில் 80 சதவீதம் கிடைக்க அது வழி செய்தது. மாந்தோப்பில் கூலி வேலை செய்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் ஆட்டோவுக்குப் பணம் வேண்டும், கூட வருபவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும். நாலு வாரத்தில் நின்றுவிடும். நோயாளி நடக்காமல் போவதற்கு மூளை மட்டும் காரணமல்ல. பஸ் வசதியும் காரணம்.

குடும்பத்தால் மட்டும் முடியுமா?

மருத்துவமனைக்குப் போக முடியாவிட்டால் குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிடலாமே என்ற யோசனை இயல்பாக வந்தது. லூதியானாவின் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் இதைச் சோதித்தனர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியில் குடும்பத்தாருக்கும் பயிற்சி. 2017ல் வெளியான முடிவு பலருக்கும் ஏமாற்றம் தந்தது. ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களும் இரு பிரிவிலும் ஒரே அளவு, 47 சதவீதம்.

இதைக் குடும்பத்தின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியக் குடும்பம் பயிற்சி கொடுக்காமலேயே ஏற்கனவே எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறது. அதன் தலையில் இன்னொரு வேலையை ஏற்றினால் பலன் கூடிவிடாது என்பதே ஆய்வு சொல்லும் பாடமாக இருக்கலாம். அந்த வேலையைச் செய்பவர் பெரும்பாலும் மனைவி, மருமகள் அல்லது மகள். அவருடைய முதுகு வலியையும் தூக்கமின்மையையும் எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

அப்படியானால் பயிற்சி தெரிந்தவரே வீட்டுக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளி கிராமத்தில் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டிலேயே கொண்டு வந்து கொடுப்பது, பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சி தருவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களைச் செவிலியர் வந்து கவனிப்பது ஆகியவை இதன் முக்கிய அம்சங்கள். 2024ல் இத்திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஓரிரு பிசியோதெரபிஸ்ட் என்னும்போது, ஒரு வீட்டுக்கு அவர் எத்தனை முறை வர முடியும் என்பது நியாயமான கேள்வி. ஆனாலும் நோயாளி மருத்துவத்தைத் தேடிப் போக வேண்டும் என்ற பழைய விதி, முதன்முறையாக இவ்வளவு பெரிய அளவில் தலைகீழாக மாற்றப்பட்டது.

இரண்டாவது வராமல் இருக்க

பிழைத்தவரின் அடுத்த ஆண்டுகளில் மிகப் பெரிய ஆபத்து இரண்டாவது பக்கவாதம். முதல் முறை விட்டுவைத்ததை இரண்டாவது முறை எடுத்துக்கொண்டு போய்விடும். ரத்த அழுத்த மாத்திரை இந்த ஆபத்தைக் கால் பங்குக்கு மேல் குறைக்கிறது என்பதை 6,105 பேரிடம் நடந்து 2001ல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிரூபித்தது. ஆனால் "இப்போ பிரஷர் நார்மல்" என்று சொல்லி மாத்திரையை நிறுத்துபவர்கள்தான் அதிகம். மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல்! நிறுத்தினால் மீண்டும் ஏறும். பீடி, சிகரெட், மது, ஊறுகாய், கருவாடு என்று உப்பும் புகையும் குறையாதவரை பயிற்சியால் மட்டும் பயனில்லை.

பாஸ்டருக்கு உதவியாளர்கள் இருந்தார்கள். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாநிலமே இருந்தது. வில்சனுக்கு எல்லாம் இருந்தும் வெளி உலகம் இல்லாமல் போனது. மூன்று பேருக்கும் வந்தது ஒரே நோய்தான். பின்னால் வந்த ஆண்டுகளை வெவ்வேறாக ஆக்கியது, மூளையில் ஏற்பட்ட காயத்தோடு சேர்த்து, அவர்களைச் சுற்றி யார் இருந்தார்கள், எதற்காக அவர்களை எழுப்பினார்கள் என்பதும்தான். நாகரசம்பட்டியிலோ சாமனப்பள்ளியிலோ திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் அதுவே பொருந்தும். வாரத்துக்கு ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட், தவறாமல் கிடைக்கும் மாத்திரை, தினமும் வந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரர், பதில் தாமதமாக வந்தாலும் காத்திருக்கும் பிள்ளைகள். இவை கிடைத்தால் மூன்றாவது மாதத்துக்குப் பிறகும், மூன்றாவது ஆண்டுக்குப் பிறகும் முன்னேற்றத்துக்கு இடம் இருக்கிறது.